மெல்பேர்ணில் விக்கா: பீடப் பராமரிப்பு எந்த விழாவுக்கு எது? மெழுகுவர்த்தி எண்ணிக்கை ஏன் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது?

யாராக்கரை எழுதியது:

வணக்கம். மெல்பேர்ணில் தனியாக விக்கா (இயற்கையை வழிபடும் நவீன மந்திரச் சமயம்) பின்பற்றுகிறேன். காவன் எனப்படும் விக்கா குழு எதிலும் சேரவில்லை. கையில் இருக்கும் புத்தகங்கள் எல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கக் காலநிலையை வைத்து எழுதப்பட்டவை. இரண்டு விஷயத்தில் தெளிவு வேண்டும்.

முதலாவது பராமரிப்பு. வார்ப்பிரும்புக் கொப்பரை துருப்பிடித்திருக்கிறது. பித்தளைக் கிண்ணத்தின் உள்பக்கம் பச்சை படிகிறது. மூலிகை ஜாடிகளில் சின்ன அந்துப்பூச்சி தெரிகிறது. ஆண்டின் எட்டுப் பருவ விழாவுக்கும் விழாவுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டால் சரியாக வருமா?

அடுத்தது எண்கள். வியாழன் கிரகத்துக்கு நான்கு மெழுகுவர்த்தி என்கிறது ஒரு புத்தகம், மூன்று என்கிறது இன்னொன்று. சனிக்கு மூன்றா எட்டா என்பதிலும் அதே சிக்கல். மந்திரக் கயிற்றின் ஒன்பது முடிச்சு, ஆண்டின் பதின்மூன்று நிலா இவற்றுக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு உண்டா?

பூவரசு எழுதியது:

முதலில் தேதிகளைச் சரிசெய்துகொள்ளுங்கள், தென்கோளத்தில் பருவம் தலைகீழ். மெல்பேர்ணுக்கு சௌவின் ஏப்ரல் 30, யூல் ஜூன் 21, இம்போல்க் ஆகஸ்ட் 1, ஒஸ்தாரா செப்டம்பர் 22 அல்லது 23, பெல்டேன் அக்டோபர் 31, லீதா டிசம்பர் 21 அல்லது 22, லம்மஸ் பிப்ரவரி 1, மேபன் மார்ச் 20 அல்லது 21. இப்படி ஆறு மாதம் நகர்த்துவது மரபை மீறுவது ஆகாது. இந்த எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்ததே 1950களின் பிற்பகுதியில், பிரிட்டனில்தான். லீதா, மேபன் என்ற விழாப் பெயர்கள் 1974இல் அமெரிக்காவின் ஏய்டன் கெல்லி சூட்டியவை. கண்ணெதிரே மாறும் பருவத்தோடு ஒத்து நடப்பதற்காக வந்த சக்கரம் இது. வாசலில் இலை உதிரும்போது வசந்தகால விழாவான பெல்டேனைக் கொண்டாடினால் அதன் உயிரே போய்விடும்.

ஆனால் எட்டுக்கும் சமமாக வேலை பிரிக்காதீர்கள். பொருள்களை எந்தப் பருவம் கெடுக்கிறதோ அதற்கு முந்தைய விழாவில் வேலையை வையுங்கள். மெல்பேர்ணில் மே முதல் ஆகஸ்ட் வரை ஈரக் குளிர், இரும்புக்கு எதிரி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில், மெழுகுக்கும் கற்களுக்கும் எதிரி. ஆகவே பெரிய வேலைகள் சௌவினுக்கும் லீதாவுக்கும் முன்னால் விழும். மற்ற ஆறுக்கும் துடைப்பதும் பூ மாற்றுவதும் போதும்.

கொப்பரை: சௌவினுக்கு ஒரு வாரம் முன் எடுங்கள். இரும்புக் கம்பிச் சுருளால் துருவைத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் காயவிடுங்கள். சூடு தாங்கும் பதத்தில் ஆளிவிதை எண்ணெயையோ கனோலாவையோ உள்ளும் வெளியும் தடவி, பிறகு எண்ணெயே இல்லாதது போலத் தோன்றும் வரை பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். இந்தத் துடைப்பில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. எண்ணெய் தடிமனாக நின்றால் கெட்டிப்படாமல் பிசுபிசுவென்று இருக்கும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். கவிழ்த்து வைத்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம், ஓவனுக்குள்ளேயே ஆறட்டும். இதையே மூன்று முறை செய்தால் கருப்பு மினுமினுப்பு வரும். சாம்பிராணியும் கரியும் எரிக்கிற கொப்பரை என்றால் உள்ளே 3 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த மணல் போட்டு அதன்மேல் கரித்துண்டை வையுங்கள். அடிப்பாகம் மேசையைச் சுடாது. சூடான இரும்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது, விரிசல் விடும். கரி எரியும்போது குளிர்காலமாக இருந்தாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

பித்தளைக் கிண்ணம்: பச்சையாகப் படிவது வைனின் புளிப்பும் செம்பும் சேர்ந்து உண்டாகும் களிம்பு. அதில் ஊற்றிக் குடிக்காதீர்கள். நம் வீட்டு முறைப்படி புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் போய்விடும். ஆனால் புளியை ஓரிரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. ஊறவிட்டால் துத்தநாகம் வெளியேறி ஆங்காங்கே செம்பு நிறத் திட்டு விழும், அது திரும்பாது. தேய்த்ததும் சோப்பு போட்டு நன்றாக அலசி, உடனே துடைத்து, வெறும் கிண்ணமாகக் கவிழ்த்து வையுங்கள். புளி மிச்சம் இருந்தால் அடுத்த வாரமே பச்சை திரும்பும். குடிப்பதற்கு அது வேண்டுமென்றால் உள்ளே ஈயம் பூசிக்கொள்ளுங்கள், அதாவது வெள்ளீயம். இல்லையென்றால் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

மூலிகை: அந்து தெரிந்த ஜாடியைக் கொட்டிவிடுங்கள், சலித்துக் காப்பாற்ற முயல வேண்டாம். பக்கத்து ஜாடிகளை மூடியபடியே மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். இலையும் பூவும் ஒரு வருடம், வேரும் பட்டையும் இரண்டு வருடம். லாவெண்டரைப் பூத்து முடிந்ததும் கோடையில் வெட்டிக் காயவைப்பதால், ஜாடிகளைக் காலிசெய்து புதிதாக நிரப்பும் வேலை லம்மஸுக்கு இயல்பாகவே பொருந்தும். காம்பு வளைந்தால் ஈரம் இருக்கிறது. படக்கென்று ஒடிந்தால்தான் ஜாடிக்குள் போடலாம்.

லீதாவுக்கு முன்: தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனால் 40 டிகிரி நாளில் ஜன்னலோரம் நின்றால் வளைந்துவிடும். சோயா மெழுகு இன்னும் மென்மை. செவ்வந்திக்கல்லையும் ரோஸ் குவார்ட்ஸையும் வடக்கு ஜன்னலிலிருந்து எடுத்துவிடுங்கள், வெயிலில் நிறம் வெளிறும். செலனைட் படிகத்தைத் தண்ணீரில் கழுவவே கூடாது, கரையும். முக்கியமாக, விக்டோரியாவில் முழுத் தீத்தடை அறிவித்த நாளில் திறந்தவெளியில் எந்தச் சுடரும் கூடாது. லீதாவும் லம்மஸும் தீ அபாயக் காலத்திலேயே வருகின்றன. அன்று மின்விளக்கு வையுங்கள், அல்லது சடங்கை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

நிலாக்கணக்கு எழுதியது:

எண் விஷயத்தில் புத்தகங்கள் இரண்டுமே தவறு அல்ல. இரண்டு வேறு முறைகளைப் பெயர் சொல்லாமல் தந்திருக்கின்றன, அதுதான் பிரச்சினை.

ஒன்று ஐரோப்பிய மந்திர மரபு. 1533இல் முழுமையாக அச்சான, ஜெர்மன் அறிஞர் அக்ரிப்பாவின் மந்திர நூல் வழியாகப் பரவியது. பூமிக்கு மிகத் தொலைவு என்று அன்று கருதிய சனியில் தொடங்கி, அருகே வர வர எண் ஏறும்: சனி 3, வியாழன் 4, செவ்வாய் 5, சூரியன் 6, வெள்ளி 7, புதன் 8, நிலா 9. ஒவ்வொன்றும் அந்தக் கிரகத்தின் மாயச்சதுரத்தின் (எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண்கட்டம்) பக்க அளவு. மற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீரோ போன்ற சோதிடர்கள் பரப்பிய எண் சோதிடம். தமிழ்நாட்டில் பெயரைத் திருத்திக்கொள்ள எல்லோரும் பார்க்கிறார்களே, அதே குடும்பம்: சூரியன் 1, சந்திரன் 2, குரு 3, ராகு 4, புதன் 5, சுக்கிரன் 6, கேது 7, சனி 8, செவ்வாய் 9. கீரோவிடம் ராகு, கேதுவின் இடத்தில் யுரேனஸ், நெப்டியூன் இருக்கும். நம்மவர்களுக்கு 8 என்றதும் சனி நினைவுக்கு வந்து கை பின்வாங்குகிறது. அக்ரிப்பா வரிசையில் அந்த 8 புதன், எழுத்துக்கும் வணிகத்துக்கும் உரியது.

எந்த முறையை எடுப்பது? சதுரம், கிரக ஓரை, முத்திரைக் கோடு (சதுரத்தின் எண்களை இணைத்து வரையும் குறி) இவற்றோடு வேலை செய்கிறீர்கள் என்றால் 3 முதல் 9 வரையான வரிசையைப் பிடியுங்கள், ஏனென்றால் அவை எல்லாம் ஒரே கட்டுமானம். ஒரே பீடத்தில் சதுரம் அக்ரிப்பாவுடையதாகவும் மெழுகுவர்த்தி கீரோவுடையதாகவும் இருந்தால் அந்த எண் எதையும் சுட்டாது. எது உங்கள் முறை என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

வியாழனின் சதுரம் இது:

4 14 15 1
9 7 6 12
5 11 10 8
16 2 3 13

எந்த வரிசையைக் கூட்டினாலும் 34, மொத்தம் 136. சனியினுடையது:

4 9 2
3 5 7
8 1 6

இதில் 15, மொத்தம் 45. இந்தச் சனிச் சதுரம் நமக்கு அந்நியமானதே அல்ல. பூசையறையில் போடும் குபேரக் கோலத்தில் 27 20 25, 22 24 26, 23 28 21 என்று எழுதுவோம், கூட்டினால் 72. ஒவ்வொரு எண்ணிலும் 19ஐக் கழித்துப் பாருங்கள்: 8 1 6, 3 5 7, 4 9 2. மேல் வரிசையும் கீழ் வரிசையும் இடம் மாறியிருக்கின்றன, மற்றபடி அதே சதுரம். ஆனால் எண்ணும் அமைப்பும் ஒன்று என்பதால் பயனும் ஒன்றாகிவிடாது. ஒன்று செல்வத்துக்கு, மற்றது எல்லை வகுப்பதற்கும் தடுப்பதற்கும்.

சதுரம் வரையும்போது 1இல் தொடங்கி ஏறுவரிசையில் எண்களை நிரப்புங்கள், இடமிருந்து வலமாக அல்ல. வரைந்த பின் வரிசை, நெடுவரிசை, மூலைவிட்டம் மூன்றையும் கூட்டிச் சரிபார்த்துவிட்டே பீடத்தில் வையுங்கள். இணையத்தில் சுற்றும் படங்களில் ஓர் எண் இரண்டு முறை வந்திருப்பது சகஜம்.

பதின்மூன்று நிலா: பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறத்தாழ 29.53 நாள். பன்னிரண்டு சேர்த்தால் 354 நாள், வருடத்துக்கு 11 நாள் குறை. ஆகவே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் ஒரு நாள்காட்டி ஆண்டில் 13 பௌர்ணமி வரும். 2023இல் வந்தது, 2026இலும் உண்டு. அந்த மே மாதத்தில் இரண்டு. மற்ற ஆண்டுகளில் 13ஐ நிரப்ப வலிந்து ஒன்றைச் சேர்க்க வேண்டியதில்லை. காவனுக்கு 13 பேர் என்பது தனிக் கதை. எகிப்தியவியல் அறிஞர் மார்கரெட் மர்ரி 1921இல் வெளியிட்ட நூலால் நிலைபெற்ற கருத்து அது, அவருடைய வாதத்தை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. தனியாகச் செய்பவருக்கு அந்த எண் தேவையே இல்லை.

யாராக்கரை எழுதியது:

மிக்க நன்றி, இருவருக்கும். அக்ரிப்பா வரிசையையே எடுத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். புதனுக்கு எட்டு, நிலாவுக்கு ஒன்பது மெழுகுவர்த்தி ஒரு சிறு பீடத்தில் எப்படி வைப்பது? சடங்கு வட்டம் போடும் திசையையும் தென்கோளத்தில் மாற்ற வேண்டுமா?

பூவரசு எழுதியது:

டீலைட்டுகளை (சிறு கிண்ண மெழுகுவர்த்திகள்) ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள். ஒன்றின் சூடு மற்றதை உருக்கி, மெழுகு முழுவதும் திரவமாகி, மேற்பரப்பே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 10 செ.மீ. விட்டு, மணல் பரப்பிய உலோகத் தட்டில் வையுங்கள். இடம் இல்லையென்றால் ஒரே தடித்த மெழுகுவர்த்தியில் எட்டுக் கோடு சம தூரத்தில் கீறி, புதன்கிழமைக்கு ஒரு கோடாக எட்டு வாரம் எரிக்கலாம். எண் காலத்தில் நிறைவேறும், தீயும் சிறிதாக இருக்கும்.

செங்கயிறு எழுதியது:

திசையைப் பற்றி. விக்காவில் கணக்கு கடிகாரம் அல்ல, சூரியன். மெல்பேர்ணில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நகர்வது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ஆகவே தென்கோளத்தில் பலர் வட்டத்தை எதிர்கடிகாரமாகப் போட்டு, நெருப்பை வடக்கிலும் மண்ணைத் தெற்கிலும் வைக்கிறார்கள். கோயில் பிரகாரம் மெல்பேர்ணிலும் வலமாகத்தான் சுற்றப்படும். அது வேறு விதி, இதோடு கலக்க வேண்டாம். வளர்பிறையும் அங்கே இடப்பக்கம் ஒளிரும். ஊரில் மேற்கே தோணி மாதிரிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் தேய்பிறை போலத் தெரியும். தேதியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஒன்பது முடிச்சு கிரக எண்ணிலிருந்து வரவில்லை. மும்மூன்று என்ற கணக்கு. வரிசை இது: முதல் முடிச்சு ஒரு நுனியில், இரண்டாவது மறு நுனியில், மூன்றாவது நடுவில், நான்காவது 1க்கும் 3க்கும் நடுவே, ஐந்தாவது 3க்கும் 2க்கும் நடுவே. மிச்ச நான்கும் இடைவெளிகளில். முடிவில் கயிற்றில் 1, 6, 4, 7, 3, 8, 5, 9, 2 என்று நிற்கும். முடிச்சு கயிற்றைத் தின்னும் என்பதை மறந்து கடைசி நான்கும் நெருக்கியடிப்பதே வழக்கமான தவறு. முதலில் ஒரு முடிச்சைப் போட்டு எத்தனை செ.மீ. குறைந்தது என்று அளந்து, ஒன்பதால் பெருக்கி, அந்த நீளத்தைக் கூட்டி வெட்டுங்கள். பருத்தி அல்லது கம்பளிக் கயிறு எடுங்கள். நைலான் வழுக்கி அவிழும். இடுப்பில் கட்டும் ஒன்பது அடிக் கயிறு, அதாவது 274 செ.மீ., வேறு. அது வட்டத்தை அளப்பதற்கும் உதவும்: மரபு வட்டத்தின் விட்டம் ஒன்பது அடி, கயிற்றை இரண்டாக மடித்தால் ஆரம் கிடைத்துவிடும்.

கத்தியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதாமே என்ற சடங்குக் கத்தி என்றால் புத்தகங்கள் இருபுறமும் கூரான கத்தியைக் காட்டும். விக்டோரியாவில் குத்துவாள் தடைசெய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் இருக்கிறது. விலக்கு இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மரத்தால் செய்ததையோ கோலையோ பயன்படுத்துங்கள். வட்டம் போடக் கூர்மை தேவையில்லை.

கடைசியாக, வாசல் காப்புக்கு ரோவன் மரக்குச்சியில் சிவப்பு நூல் கட்டிப் பெல்டேனுக்கு மாற்றுபவராக இருந்தால் கவனம். ரோவனுக்கு ஆங்கிலத்தில் மவுண்டன் ஆஷ் என்றும் பெயர். விக்டோரியாவில் மரக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் மரத்தைக் கொடுப்பார்கள். நாற்றுப்பண்ணையில் சோர்பஸ் ஆக்குபாரியா என்று கேளுங்கள். ஒரு காம்பில் எதிரெதிராகச் சிற்றிலைகள், ஓரம் ரம்பம் போல, இலையுதிர் காலத்தில் செம்பழக் கொத்து. கையில் கசக்கினால் தைல வாசனை வந்தால் அது ரோவன் அல்ல.