மழையில் வழுக்கும் கார்: எந்த டயர் வாங்குவது? (அவசரம்)

நெடுவழியன்:
அனைவருக்கும் வணக்கம். என் காரின் நான்கு டயர்களும் மொட்டையாகிவிட்டன. சென்ற வாரம் மழையில் பிரேக்கை மிதித்தபோது வண்டி வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற வண்டியின் பம்பருக்கு ஒரு முழம் முன்புதான் நின்றது. நான் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், சற்று வேகமாகவே ஓட்டுபவன். நல்ல பிடிப்பும் வேண்டும், நீண்ட நாள் உழைக்கவும் வேண்டும், இரைச்சலும் இருக்கக் கூடாது. அகலமான டயராகப் போட்டால் மழையில் பிடிப்பு கூடுமா? நாளை காலை கடைக்குப் போகிறேன்.

தூறல்:
டயரின் அளவு என்ன, எந்த ஆண்டில் செய்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது? டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

பழைய அச்சு:
கால் அளவைச் சொல்லாமல் செருப்பு கேட்பவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன், இருந்தாலும் எழுதுகிறேன். அகலம் கூடினால் டயர் ஒதுக்கித் தள்ள வேண்டிய நீரும் கூடும். ஆகவே தேங்கிய நீரில், மற்றவை எல்லாம் சமமாக இருந்தால், அகலமான டயர்தான் முதலில் மிதக்கத் தொடங்கும். பிடிப்பும் உழைப்பும் ஒன்றையொன்று இழுப்பவை: மென்மையான ரப்பர் சாலையைக் கவ்வும், விரைவில் தேயும். பக்கச் சுவரில் உள்ள தேய்மான எண் (கூடுதலாக இருந்தால் மெதுவாகத் தேயும் என்று பொருள்) 200 என்றும் 500 என்றும் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதை நிறுவனங்கள் தாங்களே சோதித்து இடுவதால், ஒரே நிறுவனத்தின் டயர்களுக்குள் ஒப்பிடத்தான் அது பயன்படும்.

நீலவானம்:
எல்லாவற்றுக்கும் நைட்ரஜன் நிரப்புவதே தீர்வு. நான் மாறியதிலிருந்து டயர் தேய்வதே இல்லை.

தூறல்:
நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான், நண்பரே. நெடுவழியன் அவர்களே, உங்கள் பகுதியில் கடுங்குளிர் உண்டா? வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே நெடுநாள் நிற்கும் இடங்களில் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிவிடும். அங்கே மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் இருக்கும் சின்னம் (குளிருக்கு ஏற்றது என்பதன் அடையாளம்) பொறித்த டயரைத்தான் பார்க்க வேண்டும்.

நெடுவழியன்:
குளிர் இல்லை, மழைதான். அளவு 195/65 ஆர்15 91எச். உண்மையில் முன் டயர்கள் இரண்டும்தான் மொட்டை, பின்னிரண்டும் பரவாயில்லை. முன் டயர்களிலும் இரு ஓரங்கள் மட்டும் வழவழவென்று ஆகியுள்ளன. நடுவில் பள்ளம் இன்னும் இருக்கிறது. 205/65 போடலாம் என்கிறார் கடைக்காரர்.

பழைய அச்சு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். இரு ஓரமும் ஒன்றுபோலத் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உட்குழிவதால் தண்ணீரில் இன்னும் எளிதாக மிதக்கும். அன்று நீங்கள் வழுக்கியதில் அதற்குப் பெரும்பங்கு இருக்கலாம். கடைசியாகக் காற்று பார்த்தது எப்போது? 205/65 வேண்டாம்: முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. அகலம் கூடினால் உயரமும் கூடி, விட்டம் 2 விழுக்காடு கூடுவதால், 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மீட்டர் 98 அளவில்தான் காட்டும். 91 என்பது ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஏற்றது என்பதையும் குறிக்கும். இவற்றுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

மண்பாதை:
இரண்டு மட்டும் வாங்கினால் புதியவற்றை முன்னால் மாட்டுங்கள். திரும்புவதும் முன் சக்கரம், பிரேக்கின் பெரும்பங்கும் முன் சக்கரம்.

தூறல்:
பின்னால்தான் மாட்ட வேண்டும். முன் பக்கம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டதும் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின் பக்கம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், அதை மீட்கப் பழகிய கை வேண்டும்.

மண்பாதை:
இருபது ஆண்டுகளாக முன்னால்தான் மாட்டுகிறேன். ஒரு முறைகூடச் சுழன்றதில்லை.

பழைய அச்சு:
சுழலாதது உங்கள் நல்ல காலம். அதை விதியாக ஊருக்குச் சொல்லாதீர்கள்.

நெடுவழியன்:
கடையிலிருந்து எழுதுகிறேன். ஓட்டுநர் கதவோரத் தாளில் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்று இருக்கிறது. முன் டயர்களில் இருந்தது 22. பின் டயர்களின் கடைசி இலக்கங்கள் 1415, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள். நான்கையும் அதே அளவில் மாற்றச் சொல்லிவிட்டேன். நன்றி.

மண்பாதை:
அப்படியென்றால் முன்னா பின்னா என்ற கேள்வியே இல்லை. ஆனாலும் நான் சொன்னதுதான் சரி.

தூறல்:
இல்லை. ஸ்டெப்னியின் காற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள், நெடுவழியன்.