சிரியம் (பர்மா, ரங்கோன் பக்கம்) சொந்தங்கள் குரூப்: குளத்துல திலாப்பியா

ரவி: மாமா செங்கச்சூளைக்குப் பின்னாடி இருக்கே அந்தக் குளத்துக்குப் போயிட்டு வந்தேன், தண்ணி நல்லா வத்திக் கெடக்கு, ஓரத்துல முட்டிக்கால் ஆழத்துல சோத்துத் தட்டு அளவுக்கு வட்டமா குழி குழியா இருக்கு, ஒவ்வொரு குழியிலயும் ஒரு கருப்பு மீன் அப்டியே நிக்குது. மண்புழு போட்டா கண்டுக்கவே மாட்டேங்குது, சில நேரம் கவ்வுது உடனே துப்பிருது. என்ன பண்ண?

மீனா: முதல்ல வேலைக்குப் போ 😂

ரவி: லீவு தான்டி

செல்வம் மாமா: தண்ணித் திருவிழா முடிஞ்சு மழை வர்றதுக்கு முன்னாடி இருக்குற இந்த வெயில்ல குளம் ஓரமெல்லாம் அதுங்க கல்யாண வீடு தான். குழில நிக்கிறது ஆண். வாலால மண்ணத் தள்ளி வாயால கல்லு குச்சியெல்லாம் பொறுக்கி வெளிய போட்டு அவனே எடம் ரெடி பண்ணி வச்சிட்டு பொட்டை வரட்டும்னு காத்துக்கிட்டிருக்கான். ஒடம்பு கருப்பா, தாடைக்குக் கீழ வெள்ளையா, செட்டை ஓரம் செவப்பா இருந்துச்சா?

ரவி: ஆமா மாமா அதே தான்

செல்வம் மாமா: அப்ப மொசாம்பிக் சாதி. வாலுல கோடு கோடா இருந்தா நைல் சாதி, நம்ம பக்கம் ரெண்டும் கலந்து கெடக்கும். இப்ப கேளு, அவனுக்குப் பசி கெடையாது, எடத்தக் காவல் காக்குறான், குழிக்குள்ள எது விழுந்தாலும் குப்பைன்னு நெனச்சு வாயில எடுத்து வெளிய கொண்டு போய் போடுவான் அவ்ளோதான். தின்னுவான் தின்னுவான்னு நீ பாத்துக்கிட்டே இருந்தா அவன் துப்பிட்டுப் போயிருவான். தக்கை அமுங்குற வரைக்கும் காத்திருக்காத. தக்கை பக்கவாட்டுல லேசா நகந்துச்சுன்னா அந்த நிமிசமே சின்னதா ஒரு வெட்டு. பெருசா இழுத்தா தூண்டில் முள்ளு வாயக் கிழிச்சுக்கிட்டு வந்துரும்.

ரவி: ஓ அதான் துப்புதா

செல்வம் மாமா: முள்ளு என்ன நம்பர்?

ரவி: ஆறு

செல்வம் மாமா: பெருசு. அதுக்கு வாய் சின்னது. எட்டு இல்லன்னா பத்து போடு, நரம்பும் மெல்லிசா. ஈயம் ஒரு சின்ன குண்டு, குழிக்கு நடுவுல போய் உக்காரணும், மெதந்துக்கிட்டிருந்தா சீண்ட மாட்டான். பத்தாம் நம்பர் போன வாரம் பாலம் தாண்டி ரங்கோன் போனப்ப வாங்கினது எங்கிட்ட இருக்கு, சாயங்காலம் வந்து எடுத்துக்க.

செல்வம் மாமா: இன்னொண்ணு, கரை மேல நெட்டுக்குத்தா நின்னியா?

ரவி: ஆமா

செல்வம் மாமா: நெழல் குழி மேல விழுந்தா ஓடிருவான். சூரியன் உன் மூஞ்சில அடிக்கிற மாதிரி குந்தி உக்காரு, கண்ணு கூசும், தொப்பி போட்டுக்க. ஓடிட்டாலும் பரவால்ல, அசையாம இருந்தா கொஞ்ச நேரத்துல அதே குழிக்கே திரும்பி வருவான், எடத்த விட்டா பக்கத்துல இருக்கிறவன் புடிச்சிக்குவான்ல.

தனம் அத்தை: பாவம்டா, முட்டை போடுற நேரத்துல போய் புடிக்கணுமா

செல்வம் மாமா: முட்டைய ஆண் பாக்கிறதில்ல தனம். பொட்டை வந்து முட்டை விட்டுட்டு ஒடனே எல்லாத்தையும் வாயில அள்ளிக்கிட்டு கெளம்பிருவா. மூணு அஞ்சு நாள்ல வாய்க்குள்ளயே பொரியும், ரெண்டு வாரம் கிட்ட குஞ்சுகள வாயிலயே வச்சிருப்பா, அது வரைக்கும் அவளுக்குச் சரியா தீனியே இல்ல. வெளிய விட்டப்பறமும் ஏதாவது வந்துட்டா குஞ்செல்லாம் திரும்ப வாய்க்குள்ள ஓடிப் பூந்துக்கும். குழி ஆணப் புடி, பாவம் இல்ல. தொண்டை உப்பிப் போய் பொட்டை மாட்டினா விட்ரு, நான் எப்பவும் அப்டி தான்.

தனம் அத்தை: எனக்குத் தெரியும், எங்க வீட்டுக்காரரு போன வருசம் ஒண்ணு கொண்டாந்தாரு, பேசின்ல போட்டதும் வாயத் தொறந்துச்சு, கடுகு சைஸ்ல கண்ணு கண்ணா குஞ்சு கொட்டுச்சு, எனக்கு அன்னைக்கு சோறே எறங்கல

வியாசர்பாடி கண்ணன்: சித்தப்பா நான் ஒண்ணு சொல்லவா கோவப்படாதீங்க. ஜிலேபி மீனுக்கு, அதான் உங்க திலாப்பியாவுக்கு, போய் இரக்கமா? இங்க 1952ல சிலோன்லருந்து மண்டபத்துக்குக் கொண்டாந்தாங்க, இப்ப தமிழ்நாட்டுல எந்த ஏரில பாத்தாலும் இதான், மத்த மீனுக்கு எடமே இல்ல. பொட்டை ரெண்டு மூணு மாசத்துலயே முட்டை போட ஆரம்பிச்சிரும், அப்பறம் மாசத்துக்கு ஒரு தடவ கூட போடும். குளம் ரொம்பிப் போய் எல்லாம் உள்ளங்கை சைஸ்லயே நின்னுரும். பொட்டையத் தான் மொதல்ல எடுக்கணும், ஆணப் புடிச்சா அடுத்த ஆண் வருவான், என்ன கொறையப் போகுது?

வியாசர்பாடி கண்ணன்: இதுல தமாசு என்னன்னா அதோட சொந்த ஊர்ல, தெக்கு ஆப்பிரிக்கா மொசாம்பிக் பக்கம், நைல் சாதி கூட கலந்து கலந்து ஒரிஜினலே அழியுதுன்னு லிஸ்ட்ல போட்டிருக்காங்க

செல்வம் மாமா: நீ சொல்றது சரிதான்டா. எண்ணிக்கைக் கணக்கு பாத்தா பொட்டைய எடுக்கறது தான் ஞாயம், குளத்துக்கார ஊலேயும் அதத்தான் சொல்றாரு, எடு எடு அப்பதான் மிச்சம் பெருசாகும்னு. நான் கணக்கு பாத்து விடல. வாய் நெறையப் புள்ளையோட இருக்கிறத கூடைல போட எனக்குக் கை வரல, அவ்ளோதான். அதுவும் போக ரெண்டு வாரமா பட்டினி கெடந்தவ, தலை பெருசா ஒடம்பு ஒட்டிப் போய் இருப்பா, குழம்புல போட்டா வெறும் முள்ளு தான்.

வியாசர்பாடி கண்ணன்: அது ஒத்துக்கறேன் 😄

தனம் அத்தை: கசோன் (பர்மா மாசம்) பௌர்ணமிக்குப் பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா அரச மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு மீன் விடப் போறாங்களாம், நாமளும் மார்க்கெட்ல உசுரோட திலாப்பியா வாங்கி விடலாமா, புண்ணியம்

டவுன்ஜி சித்தி: ஐயோ அக்கா அத மட்டும் விடாதீங்க. இன்லே ஏரில அது வந்தப்பறம் எங்க ஙாபெயின் மீன் வெகுவா கொறஞ்சு போச்சு, ஏரி அழுக்கு ஒரு பக்கம் இது ஒரு பக்கம். அந்த மீன் இன்லேல தான் உண்டு. விறால் கெளுத்தி வத்துற குட்டைல மாட்டிக்கிட்டு இருந்தா அத எடுத்து பெரிய தண்ணில விடுங்க, பழைய வழக்கமே அதானே

தனம் அத்தை: சரி சரி விறால் பாக்கறேன். விலை என்ன ஆகுமோ

மீனா: ரவி, நம்ம தெருவுல ஒருத்தன் பேட்டரி கட்டி ஷாக் குடுத்துப் புடிக்கிறானே அவன் கூட போகாத, அம்மா சொல்லச் சொன்னாங்க

செல்வம் மாமா: போனா கால ஒடிப்பேன். நன்னீர் மீன்பிடிச் சட்டப்படி கரண்ட், விஷம், வெடி மூணும் கூடாது. அதுல ஒரு குஞ்சு கூட மிஞ்சாது, புடிக்கிறவனும் செத்துருவான் தண்ணில நின்னுக்கிட்டு. ஆறு வாய்க்கால்ல மீன் முட்டை போடுற மாசத்துக்கு மீன்வளத் துறை தடை போடும், அங்க தூண்டில் போடறதா இருந்தா கேட்டுட்டுப் போ. இது ஊலேயோட சொந்தக் குளம், அவருகிட்ட சொல்லிட்டுத் தான் எறங்கணும்.

ரவி: சொல்லிட்டேன் மாமா, டீ வாங்கிக் குடுத்தேன் அவருக்கு

(மறுநாள்)

ரவி: மாமா!! சொன்ன மாதிரியே தக்கை பக்கவாட்டுல போச்சு வெட்டினேன் மாட்டிக்கிச்சு. கருப்பு ஆண் தான் எல்லாம், ஒண்ணு நல்ல சைஸ். முதுகு முள்ளு கைல ஏறிருச்சு ரத்தம்

செல்வம் மாமா: தலைப் பக்கத்துலருந்து உள்ளங்கைய பின்னாடி தடவிக்கிட்டு போய் முள்ள அமுக்கிப் புடிக்கணும்டா. மஞ்சத்தூள் வையி.

ரவி: குழியத் தாண்டி கொஞ்சம் ஆழத்துல ரொட்டி மாவு போட்டேன், ஒரு பொட்டை மாட்டிச்சு, தொண்டை பை மாதிரி தொங்குச்சு, வாயக் கொஞ்சம் தொறந்தா உள்ள மஞ்சள் மஞ்சளா முட்டை. கைய நனைச்சுட்டு தண்ணிக்குள்ளயே முள்ளக் கழட்டி விட்டேன், பாதி முட்டைய அங்கயே துப்பிட்டுப் போச்சு

வியாசர்பாடி கண்ணன்: துப்பினதச் சின்ன மீனுங்க தின்னிருக்கும், கணக்கு சரியாப் போச்சு

தனம் அத்தை: வாய மூடு கண்ணா. ரவி, மீன இப்பவே அறுக்காத. குளத்து மண்ணு வாசம் அடிக்கும். சிமெண்டுத் தொட்டில நல்ல தண்ணி விட்டு ரெண்டு நாள் தீனி போடாம வையி, தண்ணிய மாத்து. அப்பறம் அறுத்து வயித்துக்குள்ள கருப்பு சவ்வு இருக்கும் பாரு, அத கத்தியால நல்லா சுரண்டு. உப்பு மஞ்சள் புளித்தண்ணி போட்டு அலசு

ரவி: தொட்டி எங்க இருக்கு அத்தை, பக்கெட் தான்

தனம் அத்தை: பக்கெட்ல செத்துரும். எங்க வீட்டுத் தொட்டிக்குக் கொண்டா, துணி ஊற வச்சிருக்கேன் எடுத்துடறேன். ஆனா சவ்வ நீ தான் சுரண்டணும்

மீனா: ஞாயித்துக்கெழம குழம்பா வறுவலா அத்தை?

தனம் அத்தை: பெருசு குழம்பு, சின்னது வறுவல். மாமாவையும் வரச் சொல்லு, வெங்காயம் உரிக்க ஆள் வேணும்

செல்வம் மாமா: ஞாயித்துக்கெழம எனக்கு ஜோலி இருக்கு

தனம் அத்தை: என்ன ஜோலி

செல்வம் மாமா: சரி வரேன்