ரெபல் அசால்ட் 2: இத்தனை வருசம் கழித்து ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஈசூன்காரன்:

ரெபல் அசால்ட் 2 என்ற ஸ்டார் வார்ஸ் கம்ப்யூட்டர் கேமை இப்போதுதான் கடைசி அத்தியாயம் வரை ஆடி முடித்தேன். 1995-இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்டது, இரண்டு சிடி. பழைய சிடியைத் தேடி அலைய வேண்டாம். ஜிஓஜி தளத்தில் முதல் பாகத்தோடு சேர்த்தே விற்கிறார்கள், பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸும் கூடவே வந்துவிடுகிறது.

உள்ளதைச் சொன்னால், ஆடுவதற்கு ரொம்பச் சுமார். விண்கப்பல் நம் கையில் இல்லை. சுரங்கம், பள்ளத்தாக்கு எல்லாம் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் வரைந்து வீடியோவாகச் சிடியில் ஏற்றியவை. வீடியோ அதன் போக்கில் ஓடும். அதன்மேல் குறிவட்டத்தை நகர்த்திச் சுடலாம், கொஞ்சம் இடம் வலம் ஒதுங்கலாம், அவ்வளவுதான். நிற்க முடியாது, திரும்பிப் போக முடியாது. எதிரியின் டை ஃபைட்டர் விமானம் ஒன்று இடது மேல் மூலையிலிருந்து வந்ததென்றால், செத்து மறுபடி ஆடும்போதும் அதே நொடியில் அதே மூலைதான். கொஞ்ச நேரத்தில் கண் சுடுவதை நிறுத்திவிடுகிறது, ஞாபகம்தான் சுடுகிறது.

தரையில் இறங்கிச் சுடும் கட்டங்கள் பரவாயில்லை. கதாநாயகன் ரூக்கி ஒன் மறைவில் பதுங்கியிருப்பான், எழுந்து ரெண்டு சுடுவான், மறுபடி பதுங்குவான். எதிரே வரும் வெள்ளைக் கவசக்காரர்கள் அசலாகத் தெரிவார்கள். காரணம் இருக்கிறது: ஸ்டார் வார்ஸ் படங்களுக்காகச் செய்த உடைகளையும் சாமான்களையும் வெளியே எடுத்து நடிகர்களுக்கு மாட்டி, நீலத்திரைக்கு முன்னால் படம் பிடித்தார்கள். பின்னணி முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை. இன்றைய திரையில் பார்த்தால் ஆளின் தலைமுடி ஓரமெல்லாம் கத்தரியால் வெட்டினது போலப் பிசிறு தெரிகிறது. நடிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே பாருங்கள்.

அப்புறம் ஏன் மறுபடி ஆடினேன்? அப்பாவால். கப்பல் பட்டறையில் வேலை முடித்து வருவார். நான் டூம் என்ற சுடும் கேமை ஆடிக்கொண்டிருந்தால் "தலை சுத்துதுடா" என்று எழுந்து போய்விடுவார். இந்த கேமைப் போட்டால் மட்டும் குளிக்கக்கூடப் போகாமல் என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவார். மவுசைத் தொட்டதே கிடையாது. "அந்தக் கறுப்பு முகமூடிக்காரன் எப்படா வருவான்?" அதுதான் அவர் கவலை. நான் ஒரே கட்டத்தில் செத்துக்கொண்டே இருந்தால் கோபம் வரும். கதை நகரவில்லையே!

இப்போது தனியாக உட்கார்ந்து ஆடியபோது ஒரே எரிச்சல். சனிக்கிழமை அம்மாவும் மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஆட்டமே மாறிவிட்டது. மகள், "ஏன்பா, அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குறீங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அது அப்படித்தான் போகும், நீ பேசாம பாரு" என்றார். வீடியோ கேம்களில் இந்த வகை ஆடுபவனுக்காகச் செய்ததே இல்லை, பின்னால் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்தது என்பது என் கட்சி. உங்கள் வீட்டில் எப்படி?

ஐஆர்க்யூ7:

பின்னால் உட்கார ஆள் இருந்தார்கள், கேம்தான் ஓடவில்லை. எங்கள் வீட்டில் ஒற்றை வேக சிடி டிரைவ், நொடிக்கு 150 கிலோபைட். இந்த கேமுக்கு இரட்டை வேகம், அதாவது 300 வேண்டும். படம் விக்கி விக்கி வரும், வசனம் முன்னால் போய்விடும், வாய் பின்னால் அசையும். கடைசியில் அங் மோ கியோவில் ஒரு நண்பன் வீட்டில்தான் முழுசாகப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். மவுஸ் அவன் கையில். அண்ணன் சொல்வது சரிதான்.

நான் சொல்ல வந்தது வேறு. டாஸ்பாக்ஸ் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டை, அதைக் கேம் கண்டுபிடிக்க மூன்று எண்: முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. நாம் எதையும் தொடாமலே அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இந்த மூன்று எண்ணையும் சரியாகப் போட்டால்தான் லேசர் சத்தம் கேட்கும், இல்லையென்றால் ஊமைப் படம். அது 1989-இல் நம்ம சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த அட்டை. சிம் வோங் ஹூ 1981-இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் சின்னக் கடையாக ஆரம்பித்தது. எந்த நாட்டில் உட்கார்ந்து ஆடினாலும் இந்த கேம் தேடுவது சிங்கப்பூர் அட்டையைத்தான். பேர்ல்ஸ் சென்டரை இடித்துவிட்டார்கள், அவரும் 2023 ஜனவரியில் காலமாகிவிட்டார். 220 மட்டும் அப்படியே இருக்கிறது.

பிடோக் அக்கா:

முதல் பாகம் ஆடினவங்க யாரும் இல்லையா? 1993-ல வந்தது. அதுல விமானி ஆணா பெண்ணான்னு நாமே தேர்வு பண்ணலாம், குரலும் அதுக்கேத்த மாதிரி மாறும். அந்தக் காலத்துச் சுடுற கேம்ல அது அபூர்வம். எங்க அண்ணன் எழுந்து தண்ணி குடிக்கப் போனா உடனே உட்கார்ந்து மாத்திடுவேன்.

ஆனா முதல் அத்தியாயமே டாட்டூயின் பள்ளத்தாக்குல பறக்குற பயிற்சி. மவுசை இப்படித் தொட்டா கப்பல் அப்படிப் பாய்ஞ்சு பாறையில முட்டும். பயிற்சியிலேயே சாகடிக்கிற கேம் இது ஒண்ணுதான். சில கட்டம் தாண்டினா பாஸ்வேர்டு ஒண்ணு குடுக்கும், சேமிக்கிற வசதி கிடையாது. அதையெல்லாம் தமிழ்க் கட்டுரை நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருந்தேன். திருத்துன ஆசிரியை ஒவ்வொண்ணுக்கும் சிவப்பு மையில வட்டம் போட்டு "என்ன இது?"ன்னு எழுதிட்டாங்க. என்னன்னு சொல்றது?

இன்னொண்ணு, கதை வரிசையும் குளறுபடி. பனிக்கிரகம் ஹோத் சண்டை பாதியிலயே வந்திடும், எதிரிகளோட ராட்சத விண்தளம் டெத் ஸ்டாரை அழிக்கிறது கடைசி 15ஆம் அத்தியாயம். படத்துல அது தலைகீழ். அண்ணன் இன்னைக்கும் அதுக்குப் புலம்புவான்.

கோப்பி ஓ:

விங் கமாண்டர் 3 ஆடினவன் இதையெல்லாம் கேம்னு ஒத்துக்கவே மாட்டான். 1994, நாலு சிடி. நடிகருங்க பேசுறது எல்லாம் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவுலதான், சண்டை வந்தா கப்பலை நெசமாவே நீங்கதான் ஓட்டணும், எந்தப் பக்கம் வேணாலும் திரும்பலாம். அதுல ஹீரோ யாரு? மார்க் ஹாமில். ஸ்டார் வார்ஸ் படத்து ஹீரோ லூக்கே அங்க வந்துட்டாரு, ரெபல் அசால்ட்ல யாரு வந்தா? ரூக்கி ஒன்னாம்! தூக்கிப் போடுங்க சார்.

தேக்கா தம்பி:

எனக்கு இந்த வகை அறிமுகமானது சூவர் ஷார்க் என்ற கேம் வழியாக. மாமா வீட்டில் சேகா சிடி என்ற கேம் மெஷின் இருந்தது. சாக்கடைக் குழாய்க்குள் பறந்து எலியும் வௌவாலும் சுட வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் திரும்ப வேண்டும். 1992-இல் வந்தாலும் படம் பிடித்தது 1987-இல். முதலில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வீடியோ கேசட்டில் ஓடும் ஒரு கேம் மெஷினுக்காக எடுக்கச் சொன்னது, பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டது. இயக்கியவர் ஜான் டைக்ஸ்ட்ரா, முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியவர்! அவர் எடுத்ததைச் சேகா சிடி 64 நிறத்தில் காட்டினால் எப்படி இருக்கும்? எல்லாம் ஒரே சேற்று நிறம். நல்லவேளை, கதை நடப்பது சாக்கடையில்.

நாம் மோசமாக ஆடினால் திரையில் இருப்பவன் நம்மைப் பார்த்தே திட்டுவான். அத்தைக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தே, "என்னடா, உன்னை இவ்வளவு கேவலமாப் பேசுறான், நீ சும்மா இருக்கே?" என்பார். அப்போது பார்ப்பவருக்காகச் செய்த கேம் என்றால் என் ஓட்டும் ஈசூன்காரன் அண்ணனுக்குத்தான்.

ஈசூன்காரன்:

அக்கா, முதல் பாகத்தை நானும் திறந்து பார்த்தேன். மவுஸ் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பள்ளத்தாக்கு தாண்டலாம். டாஸ்பாக்ஸ் செட்டிங்கிலேயே மவுஸ் சென்சிடிவிட்டி என்று ஒரு வரி இருக்கிறது. அதே ஃபைலில் ஆஸ்பெக்ட் என்ற வரியையும் ட்ரூ என்று மாற்றிவிடுங்கள். அந்தப் படம் 320-க்கு 200, பழைய டிவி வடிவத் திரைக்காகச் செய்தது. அப்படியே விட்டால் எல்லார் முகமும் அமுங்கித் தெரியும், அப்பா கேட்ட அந்தக் கறுப்பு முகமூடிக்காரன் டார்த் வேடர்கூடக் குள்ளமாகிவிடுவார்.

கோப்பி ஓ, விங் கமாண்டர் 3 நல்ல கேம், மறுக்கவில்லை. ஆனால் சண்டை தொடங்கினால் பார்ப்பவர்களுக்கு அங்கே வேலை இல்லை, அப்பா அந்த நேரத்தில் எழுந்து செய்தி பார்க்கப் போய்விடுவார். அதுவும் ஜிஓஜி-யில் இருக்கிறது. எதிரிகள் பூனை முகத்தோடு இருப்பார்கள் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், மகள் அதைத்தான் போடச் சொல்லி நிற்கிறாள்.