பத்து நாளாக ஆட்டுக்குட்டிகளுக்கு இருமல்: மன்னவனூர் சொந்தங்கள் குழு

ஞாயிறு

பாண்டி, காலை 7:10
அக்கா, பட்டியில் ஆறு குட்டி இருமுகிறது. மேட்டில் ஓட்டினால் நின்று நின்று இருமுகிறது. மூக்கில் கெட்டிச் சளி. தீனி எடுக்கிறது, ஆனாலும் விலா எலும்பு தெரிகிறது.

தங்கம், 7:24
வாயைத் திறந்து பார்த்தாயா? புண், கழிச்சல், காய்ச்சல் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கும். முதலில் தனியே பிரித்துக் கட்டு.

பாண்டி, 7:31
மூன்றும் இல்லை அக்கா. பனிச் சளி என்று மிளகும் வெற்றிலையும் கொடுத்துப் பார்த்தேன். பத்து நாளாயிற்று. வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். தள்ளிவிடலாமா?

செல்வி, 7:50
சித்தப்பா, விற்காதீர்கள். நுரையீரல் புழுவாக இருக்கலாம். எங்கே மேய்கிறது?

பாண்டி, 7:52
ஓடை ஓரம். விடிந்ததும் ஓட்டிவிடுவேன்.

செல்வி, 8:05
அங்கேதான் ஒட்டியிருக்கும். மூச்சுக்குழாயில் வெள்ளை நூல் மாதிரி, 10 செ.மீ. வரைகூட வளரும் புழு அது. இருமும்போது அதன் முட்டை வாய்க்கு வரும், ஆடு விழுங்கும், குஞ்சுப்புழு புழுக்கையோடு வெளியேறும். ஈரப் புல்லில் ஒரு வாரம் கிடந்தால் போதும், அடுத்த குட்டி தின்றுவிடும். குடலைத் துளைத்து நுரையீரலுக்குப் போய், ஐந்து வாரத்தில் அதுவும் முட்டையிடும். நம் மலையின் குளிரும் ஈரமும் அதற்குத் தோது.

செல்வி, 8:07
நாளைக்கு ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்து கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். தரையில் கிடப்பது வேண்டாம், மண்ணில் வாழும் வேறு நுண்புழுக்களும் கலந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு வைத்தால் குஞ்சுப்புழு அடியில் இறங்கும், உருப்பெருக்கியில் பார்ப்பார்கள்.

செவ்வாய்

பாண்டி, மாலை 4:40
புழுவேதான் செல்வி. அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கொடுத்திருக்கிறார்கள். சினை ஆடு மூன்று இருக்கிறது. அதற்கும் ஊற்றவா?

செல்வி, 4:43
ஐயோ, பொறுங்கள். எத்தனை நாள் சினை? முதல் மாதச் சினைக்கு அந்த மருந்து ஆகாது, கருவைக் கெடுக்கும். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார்.

பாண்டி, 4:50
நல்லவேளை கேட்டேன். கிடா சேர்ந்து இருபது நாள்தான்.

செல்வி, 4:58
குட்டிகளுக்கு எடை போட்டு அளவு பாருங்கள், கண் மதிப்பில் குறைத்துவிடாதீர்கள். தலையை ரொம்பத் தூக்கி ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். கடைவாயில் மெதுவாக விடுங்கள். புழு செத்து வெளியேறும் வரை கொஞ்ச நாள் இருமும், பயப்பட வேண்டாம்.

பாண்டி, 5:06
சரிம்மா. ஆனால் ஓடை ஓரத்தை விட்டால் எனக்கு மேய்ச்சல் ஏது?

தங்கம், 5:15
என் மேட்டுக்காட்டில் விடு. போன வருடத்திலிருந்து அங்கே ஆடே மேயவில்லை. பனி காய்ந்து பத்து மணிக்கு மேல் ஓட்டி வா, படலைத் திறந்து வைக்கிறேன்.