முங்கி எழுந்தவன் சன்னதியில்

சிந்துபூந்துறைத் தையல்காரி:

சரணாகதி என்ற சொல்லே எனக்கு ஆகாது. கையாலாகாதவர்கள் சொல்லிக்கொள்வது என்று நினைத்திருந்தேன், 2023 டிசம்பர் வரைக்கும்.

அந்த 17ஆம் தேதி மார்கழி பிறந்த நாள், ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. அணைத் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி தெருவுக்குள் வந்துவிட்டது. தையல் மெஷின் மூன்றும் கீழ்வீட்டில். பொங்கலுக்குத் தைக்க வந்த துணியில் இரண்டு மூட்டையை மாடிக்கு ஏற்றினோம். மூன்றாவதை எடுக்க இறங்கினால் இடுப்பளவு தண்ணீர். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அன்று இரவு மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து முருகனை வேண்டவில்லை, திட்டினேன்.

தண்ணீர் வடிந்த பிறகு ஓவர்லாக் மெஷினைச் சாய்த்தால் ஒரு சட்டி மணல் கொட்டியது. போன் அடித்தால் எடுக்கப் பயம். எல்லாம் துணி கொடுத்தவர்கள்.

நான்கைந்து நாள் கழித்துக் குறுக்குத்துறை முருகன் கோவிலுக்குப் போனேன். கும்பிட இல்லை, நேரில் சண்டை போட. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில் அது. வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரையும் பாத்திரம் பண்டத்தையும் மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் எங்கேயும் போவதில்லை, தண்ணீருக்குள்ளேயே நிற்பார். முகப்பைப் படகு மாதிரி கட்டியிருப்பதால் ஆறு பிரிந்து போய்விடும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். அன்றைக்குத்தான் மனதில் பட்டது: தூக்க முடிந்ததைத் தூக்கிவிட்டு, மீதியை ஆற்றிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் இரண்டு மூட்டையை ஏற்றினேனே!

உள்ளே ஆளுக்கொரு சட்டியோடு சகதி அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆச்சி என் கையில் வாரியலைத் திணித்தாள்.

"ஏட்டி, சும்மா நிக்கியே, இந்தா."

"எங்க வீடே கழுவாமக் கிடக்கு ஆச்சி."

"கிடக்கட்டும். அவனே இப்பதான் முங்கி எந்திரிச்சிருக்கான். மொதல்ல அவனுக்குத் துடைச்சு விடு."

சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு. மூன்று மணி நேரம் கழுவினேன். யாரோ கடுங்காப்பி கொடுத்தார்கள். முதுகு விட்டுப்போனது, ஆனால் நிறுத்த மனதில்லை. அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று சாயங்காலம் அளவு நோட்டைப் பிரித்தேன். பேனாவில் எழுதியது கரைந்து நீலமாகக் கிடந்தது, பென்சிலில் எழுதியது அப்படியே இருந்தது. அதை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, துணி போய்விட்டது என்று நானே சொன்னேன். ஒருத்தி நன்றாகத் திட்டினாள். அவளுக்குச் சித்திரை வரை தவணையில் கொடுத்து முடித்தேன். கடன் இன்னும் இருக்கிறது. போனை மட்டும் எடுக்கிறேன்.

சேரன்மகாதேவிக்காரன்:

அக்கா, நம்ம திருநெல்வேலி நெல்லையப்பர் கோவில் கதையில் சிவபக்தர் வேதசர்மாவும் சும்மா இருக்கவில்லையே. நைவேத்திய நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனவர், மழை பிடித்ததும் விழுந்தடித்து ஓடித்தான் வந்தார். வேலி போட்டது மாதிரி நெல் நனையாமல் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தார். என் வயலுக்கு அப்படி வேலி ஒன்றும் வரவில்லை. பிசானப் பருவத்து நெல் நடவு முழுக்க மணல் மூடிவிட்டது. கோவில் பக்கமே போகாமல் இருந்தேன். ஆனித் தேருக்கு மகன் இழுத்துக்கொண்டு போனான். 450 டன் என்பார்கள், எல்லாம் ஆள் இழுத்துத்தான் நகர வேண்டும். வடத்தில் கை வைத்த பிறகு நான் இழுக்கிறேனா, அது என்னை இழுக்கிறதா என்றே தெரியவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினேன். பார்த்தால் எனக்கு முன்னால் வடம் பிடித்து நின்றவர், வட்டிக்குக் கொடுத்தவர்! திரும்பிப் பார்த்து, "கையை விட்டுராதேரும் வே" என்றார்.

சிந்துபூந்துறைத் தையல்காரி:

தம்பி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். அந்த ஆச்சியை அப்புறம் எத்தனையோ சஷ்டிக்குப் போயும் பார்க்கவில்லை. அவளுடைய வாரியலை வேறு கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தேய்ந்து பாதியாகிவிட்டது, வெட்டுத்துணி கூட்ட இப்பவும் அதுதான்.