கர்ஃப்யூவுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி:
கர்ஃப்யூ என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, அதற்கு மூலப்பொருள் ‘நெருப்பை மூடு’ என்று படித்தேன். ஊரடங்குக்கும் அடுப்புக்கும் எப்படி முடிச்சு விழுந்தது? யாரோ கட்டிவிட்ட கதையா?

பதில் 1:
கதை இல்லை, நிஜம்தான். பழைய பிரெஞ்சில் ‘குவ்ர்’ என்றால் மூடு, ‘ஃபூ’ என்றால் நெருப்பு. இடைக்கால ஐரோப்பாவில் வீடுகள் பெரும்பாலும் மரம், கூரை வைக்கோல், ஒரு பொறி பறந்தால் தெருவே காலி, அதனால் இரவில் மணி அடித்ததும் கணப்புத் தணலை ஓரமாகக் குவித்துச் சாம்பல் போட்டு மூடிவிட்டுப் படுக்க வேண்டும். அணைக்கக் கூடாது, காலையில் அதே தணலை ஊதித்தானே மறுபடி பற்றவைப்பார்கள். தணல்மேல் கவிழ்க்கிற, கைப்பிடி வைத்த உலோக மூடிக்கும் இதே பெயர்தான்.

பதில் 2:
இங்கிலாந்தில் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து படையெடுத்து அரசரான வில்லியம் என்பார்கள், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவருக்கு முன்பே ஐரோப்பாவில் இருந்த பழக்கம்தான். நடமாட்டத் தடை என்ற பொருள் ரொம்பப் பிந்தியது, 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது.

பதில் 3:
கர்சீஃப்பிலும் முன்பாதி அதே ‘மூடு’தான், பின்பாதி தலை. ஆக, தலைத்துணி. அதற்கு முன்னால் ‘ஹேண்ட்’ சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்!

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஃபோகஸ்?

பதில் 1:
சரியாகப் பிடித்தீர்கள். லத்தீனில் ஃபோகஸ் என்றால் கணப்படுப்பு, அந்த ‘ஃபூ’வே அதிலிருந்து வந்ததுதான். ஒளி குவியும் இடத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் வானியலாளர் கெப்ளர், 1604இல்.