டிப்ஸை விலையிலேயே சேர்த்துவிட்டால் சர்வருக்கு லாபமா, நட்டமா?

மூன்றாம் மேசை:
அமெரிக்காவில் டிப்ஸ் 15 சதவீதமா 20 சதவீதமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. என் கட்சி வேறு. அந்தப் பணத்தைச் சாப்பாட்டு விலையிலேயே சேர்த்துவிட்டு, டிப்ஸ் என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட வேண்டும். ஏன் என்பதற்குக் கணக்கே போதும்.

கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அதே தொகை. வழக்கமாக மாதம் 30 டாலருக்கு மேல் டிப்ஸ் வாங்குகிறவர் என்றால் முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991இலிருந்து அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. மீதி 5.12 டாலருக்கு வாடிக்கையாளர் வைத்த டிப்ஸையே ஈடு காட்டிக்கொள்ளலாம். இதைத்தான் டிப் கிரெடிட் என்கிறார்கள்.

வாரம் 40 மணி நேர வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி தருவது 85.20 டாலர். சட்டம் கேட்பது 290 டாலர். நடுவிலுள்ள 204.80 டாலர் டிப்ஸில் வந்துவிட்டால் அவர் பொறுப்பு முடிந்தது. டிப்ஸ் 150தான் வந்தது என்றால் 54.80 டாலரை அவர் போட வேண்டும். ஆனால் இதை வாரக் கணக்காகப் பார்க்கிறார்கள். திங்கள் மதியம் நான்கு மணி நேரம் நின்று எட்டு டாலர்தான் டிப்ஸ் கிடைத்தது என்றாலும், சனி இரவில் வந்த பணம் அந்தப் பள்ளத்தை மூடிவிடும். ஆக, முதல் 204.80 டாலர் வரை நாம் வைக்கும் ஒவ்வொரு டாலரும் முதலாளியின் சம்பளச் செலவைத்தான் குறைக்கிறது.

ஃபிரான்ஸில் 1987 முதல், பட்டியலில் போடுகிற விலையில் சர்வீஸும் அடங்கியிருக்க வேண்டும். ஜப்பானில் டிப்ஸ் பழக்கமே இல்லை. அங்கெல்லாம் உணவகத் தொழில் நின்றுபோய்விடவில்லை.

கல்லா ஓரம்:
உங்கள் கணக்கு சரி. அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவு தப்பு. டிப் கிரெடிட் வேறு, டிப்ஸ் வேறு. முன்னதை மட்டும் எடுத்துவிட முடியும், எடுத்தும் இருக்கிறார்கள். கலிபோர்னியா, வாஷிங்டன், ஒரேகன், நெவாடா, அலாஸ்கா, மொன்டானா, மின்னசோட்டா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட் கிடையாது. கலிபோர்னியாவில் 2025இல் மணிக்கு 16.50 டாலர் முழுக்கூலி, டிப்ஸ் அதற்கு மேல். அங்கே தொழிலாளர் சட்டத்தின் 351ஆம் பிரிவு, டிப்ஸில் முதலாளி கை வைக்கக் கூடாது என்கிறது. கார்டு கம்பெனிக்குக் கட்டும் கட்டணத்தைக்கூட அதிலிருந்து பிடிக்க முடியாது. கூட்டாட்சிச் சட்டமோ அதை அனுமதிக்கிறது. கார்டில் வந்த 20 டாலர் டிப்ஸ், கட்டணம் 3 சதவீதம் என்றால் சர்வர் கைக்கு 19.40தான்.

விலையில் சேர்த்தால் என்ன ஆகும்? டிப்ஸ் சட்டப்படி சர்வரின் சொத்து. மேனேஜரும் சூப்பர்வைசரும் அதைத் தொடக் கூடாது என்று 2018இல் திருத்தமே வந்தது. விலையாகவோ கட்டாயச் சர்வீஸ் சார்ஜாகவோ வந்தால் அதே பணம் கடையின் வருமானம். சர்வருக்கு எவ்வளவு என்பதை முதலாளி முடிவு செய்வார்.

வரியிலும் அடி விழும். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். (சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம் வழக்கம்போல உண்டு.) வாடிக்கையாளர் தானாக விரும்பிக் கொடுத்ததற்கு மட்டும்தான் இந்தச் சலுகை. ஆறு பேருக்கு மேல் உட்கார்ந்தால் தானாக ஏறுகிற 18 சதவீதம் இதில் சேராது.

நியூயார்க்கில் டேனி மேயர் 2015இல் தன் உணவகங்களில் டிப்ஸை எடுத்து விலையில் சேர்த்தார். நோக்கம் நல்லது. அந்த மாநிலச் சட்டப்படி டிப்ஸை சமையல்காரர்களோடு பங்கிட முடியாது. அதனால் வெளியே பரிமாறுபவருக்கும் உள்ளே அடுப்பில் நிற்பவருக்கும் வருமானம் மலையும் மடுவுமாக இருந்தது. ஆனால் நல்ல சர்வர்கள் பலர் டிப்ஸ் உள்ள கடைகளுக்குப் போய்விட்டார்கள். பக்கத்துக் கடைப் பட்டியலில் 24 டாலர், இங்கே 30 டாலர் என்றால் வாசலில் நிற்பவர் கண்ணுக்கு இது விலை கூடின கடை. 2020 ஜூலையில் அவரே டிப்ஸுக்குத் திரும்பினார்.

வடலி:
கல்லா ஓரம் சொல்லும் வழிக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் ஒரு சாட்சி. மதுபானம் பரிமாறுவோருக்கென்று இருந்த குறைந்த சம்பளம் 2022 ஜனவரி 1ஆம் திகதியோடு எடுபட்டு, அவர்களும் பொது அடிப்படைச் சம்பளத்துக்குள் வந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகும் கார்ட் மெசினில் 18, 20, 25 வீதம் என்றுதான் கேட்கிறது. சம்பளம் சமமானால் ரிப்ஸ் தன்பாட்டில் உண்மையான அன்பளிப்பாக மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை.

மெசினில் இன்னொரு பிசகும் இருக்கிறது. சாப்பாடு 100 டொலர், 13 வீத வரியோடு 113. பல மெசின்கள் 18 வீதத்தை 113க்குக் கணித்து 20.34 காட்டும். சாப்பாட்டுக்குக் கணித்தால் 18தான். கியூபெக் இதைச் சட்டத்தால் நிறுத்தியது: 2025 மே 7ஆம் திகதியிலிருந்து, மெசின் பரிந்துரைக்கும் தொகை வரிக்கு முந்திய விலையில்தான் கணிக்கப்பட வேண்டும். ஒன்ராறியோவில் நாங்களே பார்க்க வேண்டும். 'வேறு தொகை' என்று வரும் இடத்தை அமத்தி, டொலராக 18 என்று அடியுங்கள். வீதமாக அடித்தால் அது திரும்பவும் 113இல்தான் போய் நிற்கும்.

நியூயோர்க் நகரத்துக்குப் போகிறவர்களுக்கு இலகுவான வழி: அங்கு விற்பனை வரி 8.875 வீதம். பில்லில் உள்ள வரித்தொகையை இரட்டித்தால் 17.75 வீதம் வரும். சாப்பாட்டு விலையை மட்டும் வைத்துக் கணித்ததாகவும் இருக்கும்.

தேம்ஸ் கரை:
"சர்வீஸ் சார்ஜ் என்றால் கடை வருமானம், முதலாளி முடிவு செய்வார்" என்பது அமெரிக்கச் சட்டத்தின் ஓட்டை. எங்கும் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பிரிட்டனில் 2023இல் நிறைவேறிய டிப்ஸ் பங்கீட்டுச் சட்டம் 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும் நடப்பில் இருக்கிறது. டிப்ஸோ சர்வீஸ் சார்ஜோ, முதலாளி கைவழியாகப் போகிற பணம் முழுவதும் தொழிலாளருக்குப் போய்ச் சேர வேண்டும். சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா விருப்பமா என்பதே கேள்வி இல்லை. வாடிக்கையாளர் செலுத்திய மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். கார்டு கட்டணம், உடைந்த தட்டு, நிர்வாகச் செலவு என்று எதையும் பிடிக்கக் கூடாது. வருமான வரி போன்ற சட்டப்படியான பிடித்தம் மட்டும் விதிவிலக்கு. எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவேடு மூன்றாண்டு இருக்க வேண்டும். தொழிலாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவை எழுதிக் கேட்டு வாங்கலாம். மீறினால் வேலைத் தீர்ப்பாயம் 5,000 பவுண்டு வரை இழப்பீடு விதிக்க முடியும்.

டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியை நிரப்புவது இங்கே 2009 அக்டோபரிலேயே நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு, டிப்ஸ் அதன்மேல்தான்.

டிரோங்க் என்ற ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் அல்லாத ஒருவர், பெரும்பாலும் மூத்த ஊழியர், பொதுப் பணத்தைப் பங்கிடுவார். யாருக்கு எவ்வளவு என்பதில் முதலாளி தலையிடாதவரை அந்தப் பணத்துக்குத் தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் இல்லை: ஊழியருக்கு 8 சதவீதம், முதலாளிக்கு 15 சதவீதம் மிச்சம். முதலாளி ஒரு பட்டியலை நீட்டி "இப்படிப் பிரித்துக்கொடு" என்று சொல்லிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

லண்டனில் 80 பவுண்டு சாப்பாட்டுக்கு 12.5 சதவீதம், 10 பவுண்டு, பில்லிலேயே வரும். அதற்கு மேல் மெசின் இன்னொரு டிப்ஸ் கேட்டால் வேண்டாம் என்று அமுக்கிவிடலாம்.

தேக்கா வாசி:
பிரிட்டன் சட்டம் போல ஒன்று இல்லாத இடத்தில் சர்வீஸ் சார்ஜ் என்ன ஆகிறது என்பதற்குச் சிங்கப்பூரைப் பாருங்கள். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் குறி 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் ஏறும். 100 வெள்ளி உணவு முதலில் 110, பிறகு 119.90. ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல்.

அந்த 10 வெள்ளியைப் பணிப்பெண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அது கடை வருமானம். சில இடங்களில் ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள், பல இடங்களில் இல்லை. வாடிக்கையாளர் "சேவைக் கட்டணம் கட்டிவிட்டேனே" என்று டிப்ஸும் வைப்பதில்லை. மூன்றாம் மேசை கேட்கும் "விலையிலேயே சேர்ந்த" முறை இங்கே அச்சடித்தாற்போல இருக்கிறது. பரிமாறியவருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

உணவங்காடி நிலையங்களில் இரண்டு கூட்டலும் கிடையாது. அங்கே யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதும் இல்லை.

மூன்றாம் மேசை:
தேக்கா வாசி சொன்னதை ஏற்கிறேன். பணத்தை விலையில் சேர்ப்பதோடு, அது யாருக்குச் சேரும் என்பதையும் சட்டம் சொல்ல வேண்டும். அது பிரிட்டனில் நடக்கிறது. ஆகவே நடக்காத காரியம் இல்லை. டேனி மேயர் ஒருவர் தனியாக விலையை ஏற்றினார், அதனால் தோற்றார். தெருவிலுள்ள எல்லாக் கடையும் சேர்ந்து ஏற்றியிருந்தால் 24க்கும் 30க்கும் ஒப்பீடே வந்திருக்காது.

டிப்ஸை அடிப்படையாக வைத்த கூலி யாரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதற்கு அமெரிக்காவிலேயே பழைய கணக்கு உண்டு. அடிமைமுறை ஒழிந்த பிறகு புல்மன் நிறுவனத்தின் படுக்கை ரயில் பெட்டிகளில் கருப்பின ஊழியர்களைச் சொற்பக் கூலிக்கு வைத்து, மிச்சத்தைப் பயணிகளின் தயவுக்கு விட்டார்கள். ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல் சங்கம் தொடங்கி, நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 ஆனது. கூலியை வாடிக்கையாளரின் முகக்குறிப்பில் தொங்கவிட்டால், எரிச்சலூட்டும் பேச்சையும் கையைப் பிடிக்கும் வாடிக்கையாளரையும் பரிமாறுகிற பெண் சகித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கு எந்த வரிச்சலுகையும் ஈடில்லை.

ஒசாகா குறிப்பு:
ஜப்பானில் டிப்ஸ் இல்லை என்பது முக்கால் பங்கு சரி. டாக்சியில் மீதிச் சில்லறையை விட்டு இறங்கினால் கூப்பிட்டுத் திருப்பித் தருவார்கள். ஆனால் பெரிய ஹோட்டல் பில்லில் 10 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் உண்டு. இசகாயா மதுக்கடைகளில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அதற்கு ஓட்டோஷி என்று பெயர், பெரும்பாலும் சில நூறு யென். அது இருக்கைக்கான கட்டணம், பரிமாறுபவருக்குப் போவதில்லை.

பழைய பாணி ரியோகான் விடுதிகளில் கொக்கோரோசூகே என்ற வழக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கசங்காத நோட்டைச் சின்னக் காகித உறையில் போட்டு, பணிப்பெண் அறையைக் காட்டித் தேநீர் வைக்கும்போதே, தங்கல் தொடங்கும் முன்பே, இரண்டு கையாலும் கொடுப்பார்கள். வெறும் நோட்டாக நீட்டுவது அங்கே மரியாதைக் குறைவு. மறுத்தால் வற்புறுத்தக் கூடாது.

மவுண்ட் ரோடு:
நம் ஊர்க் கணக்கும் இதில் சேரட்டும். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வழிகாட்டுதல் கொடுத்தது. அதே மாதம் டில்லி உயர் நீதிமன்றத்தில் தடை வந்தது. 2025 மார்ச் 28இல் அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தார்.

பில்லில் பார்க்க வேண்டியது இது. சாப்பாடு 1,000, சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் 100, ஆக 1,100. அதன்மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம் 55. மொத்தம் 1,155. சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்றால் பில்லைத் திருத்திப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். 1,050 வர வேண்டும். 100 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினால் அதன்மேல் ஏறிய 5 ரூபாய் வரி அப்படியே நிற்கும். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்.

டிப்ஸை ரொக்கமாகச் சப்ளையர் கையில் கொடுங்கள். பில் ஃபோல்டரில் வைத்தால் சில கடைகளில் பொது உண்டியலுக்குப் போகும், அதில் மேசை துடைப்பவருக்கும் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. கார்டில் வந்த டிப்ஸை ஹோட்டல் வாங்கி ஊழியருக்குக் கொடுத்தால் அது சம்பளம் ஆகாது, ஹோட்டல் அதில் டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. வருங்கால வைப்பு நிதியும் கிராஜுவிட்டியும் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. முப்பது வருஷம் பரிமாறினவருக்கு ஓய்வுக்காலத்தில் டிப்ஸ் கைகொடுக்காது. இந்த இடத்தில் நான் மூன்றாம் மேசை பக்கம்.

கல்லா ஓரம்:
ஓய்வுக்கால வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் மாதம் 20 டாலருக்கு மேல் வந்த டிப்ஸை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முதலாளியிடம் எழுதிக் கொடுக்காவிட்டால் பிற்காலப் பென்ஷனில் அது சேராது.

ஆனால் எல்லாக் கடையும் சேர்ந்து விலையேற்ற வைக்கிற சட்டம் வரும்வரை சர்வர் என்ன செய்வார்? இருக்கிற சட்டத்திலேயே பணம் போய்க்கொண்டிருக்கிறது. பெரிய ஓட்டை ஓவர்டைம். டிப் கிரெடிட் உள்ள கடையில் 40 மணிக்கு மேல் 2.13ஐ ஒன்றரையால் பெருக்கி 3.20 போடுகிறார்கள். அது தப்பு. 7.25ஐத்தான் ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 10.88. அதில் 5.12ஐக் கழித்தால் மணிக்கு 5.76. வாரம் 50 மணி என்றால் அந்தப் பத்து மணிக்கு 57.60 வர வேண்டும், 32 டாலர்தான் வரும்.

சம்பளச் சீட்டில் இன்னும் மூன்று இடம் பாருங்கள். பணம் கட்டாமல் போன வாடிக்கையாளரின் பில், கல்லாவில் குறைந்த பணம், உடைந்த கண்ணாடி ஆகியவற்றை டிப் கிரெடிட் எடுக்கும் முதலாளி உங்களிடம் பிடிக்க முடியாது. டிப் கிரெடிட் எடுப்பதை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த உரிமையே அவருக்கு இல்லை, முழு 7.25 தர வேண்டும். டிப்ஸைப் பொதுவில் போட்டுப் பங்கிடும்போது பாத்திரம் கழுவுபவரையோ சமையல்காரரையோ சேர்த்திருந்தாலும் அப்படியே. அவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் எல்லோருக்கும் முழுக்கூலி கொடுத்த பிறகுதான்.

மூன்றாம் மேசை:
அந்த 5.76 கணக்கை இழையின் தலைப்பில் ஒட்டிவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மற்றதில் நான் சொன்னதிலேயே நிற்கிறேன்.